'ரன்' என்றால் ஓடுவது மட்டும்தானா? ஒரு மெயிலால் வந்த வினை

சிறுசேரி சின்னவன்:
எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் புலம்பப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம் படித்தவன் நான். இப்போது ஒரு கம்பெனியில் சப்போர்ட் வேலை. போன செவ்வாய்க்கிழமை ராத்திரி, அமெரிக்காவில் இருக்கிற எங்கள் மேனேஜரிடமிருந்து ஒற்றை வரியில் ஒரு மெயில் வந்தது. 'ப்ளீஸ் ரன் த கிளீனப் ஸ்கிரிப்ட் பை த கிளையன்ட் பிஃபோர் ஃப்ரைடே.' அவ்வளவுதான்.

ஸ்கிரிப்ட் (கம்ப்யூட்டர் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிவைத்த கட்டளைகள்) என்று ஒன்று இருந்தால் அதை ரன் பண்ணத்தானே செய்வோம்? கிளையன்ட் பக்கம், வெள்ளிக்கிழமைக்குள், ஓட்டிவிடச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். புதன்கிழமை காலையில் காபி கூடக் குடிக்காமல் அவர்கள் சர்வரில் நுழைந்து ஓட்டியும்விட்டேன். பழைய லாக் ஃபைல்களை, அதாவது சிஸ்டத்தில் நடந்ததைக் குறித்துவைத்த பதிவுகளை, அழிப்பதுதான் அந்த ஸ்கிரிப்ட்டின் வேலையே, அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. மத்தியானம் கிளையன்ட்டிடமிருந்து போன். ஆடிட்டுக்கு வைத்திருந்த லாக் எல்லாம் எங்கே என்கிறார்கள். முதல் நாள் பேக்கப் இருந்ததால் தலை தப்பியது. பிறகு மேனேஜர் கால் போட்டு, கோபப்படாமல் (அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது) சொன்னார்: "நான் ஓட்டச் சொல்லவில்லையப்பா, அவர்களிடம் காட்டி ஒரு வார்த்தை கேட்கச் சொன்னேன்."

ரன் என்றால் காட்டுவதா? வீட்டுக்கு வந்து டிக்‌ஷனரியைத் திறந்தால் ரன் என்ற ஒரே சொல்லுக்கு இறங்க இறங்க வந்துகொண்டே இருக்கிறது. இதையெல்லாம் எப்படித்தான் படித்து வைத்துக்கொள்கிறீர்கள்?

சாக்பீஸ் வாத்தியார்:
தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தப்பு முழுக்க உங்களுடையது இல்லை. 'ரன் திஸ் ஐடியா பை ஹிம்' என்றால் யாருக்கும் குழப்பம் வராது, ஐடியாவை யாரும் கம்ப்யூட்டரில் ஓட்ட முடியாது. ஆனால் ஸ்கிரிப்ட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ரன் என்று எழுதிவிட்டு, அதற்கு வேறு அர்த்தம் வைத்திருக்கிறார் உங்கள் மேனேஜர். 'ஷோ' என்று எழுதியிருந்தால் கதையே இல்லை. எழுதியவருக்கும் பாதிப் பங்கு உண்டு.

இப்போது விஷயம். 'ரன் சம்திங் பை சம்ஒன்' என்றால் ஒருவர் காதில் ஒரு விஷயத்தைப் போட்டுவைத்து, அவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்பது. பிரிட்டிஷ்காரர்கள் 'ரன் இட் பாஸ்ட் ஹிம்' என்றும் சொல்வார்கள். இங்கே பை என்பது 'அவரால்' இல்லை, 'அவரைத் தாண்டி, அவர் பக்கமாக'. மாட்டுச் சந்தையில் வாங்க வந்தவன் முன்னால் காளையை ஒரு நடை ஓட்டிக் காட்டுவார்களே, அப்படி வைத்துக்கொள்ளுங்கள். அவன் பார்த்துவிட்டு சரி என்றால் மேற்கொண்டு பேச்சு. நான் சொன்ன இந்த மாட்டுக் கதை ஞாபகத்துக்காக மட்டும்தான், சொல்லின் வரலாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் முப்பது வருஷம் தஞ்சாவூர்ப் பக்கம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவன். ஒன்பதாம் வகுப்பில் எப்போது ரன் வந்தாலும் 'ஓடு' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன். இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. 'ஓடு' என்பதோடு 'ஓட்டு' என்றும் எழுதியிருக்க வேண்டும்.

இரவுப்பணி:
வாத்தியார் ஐயா, ஒரு நாளைக்கு என் வார்டில் எத்தனை ரன் வருகிறது என்று எண்ணினால் பைத்தியம் பிடிக்கும். நான் இங்கிலாந்தில் நர்ஸ். வந்த புதிதில் ஒரு டாக்டர் டிரிப்ஸைக் காட்டி 'ரன் எ லிட்டர் ஓவர் எய்ட் அவர்ஸ்' என்றார். ஓவர் என்றதும் எனக்கு எட்டு மணி நேரத்துக்கு மேலே என்றுதான் தோன்றியது. நல்லவேளை கூட இருந்த மலையாளி அக்காவிடம் கேட்டேன். எட்டு மணி நேரத்துக்குள் சீராக ஏறி முடிய வேண்டும் என்று அர்த்தம். அதாவது மணிக்கு 125 மில்லி என்று பம்ப்பில் போட வேண்டும். அதே ரன், அதே ஓவர், 'ஹி வாஸ் ரன் ஓவர்' என்று எமர்ஜென்சியிலிருந்து போன் வந்தால் ஆள் மேல் வண்டி ஏறிவிட்டது என்று பொருள்.

அப்புறம் 'ஷி இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்' என்றால் காய்ச்சல் அடிக்கிறது. 'ஹி ஹேஸ் த ரன்ஸ்' என்றால் வயிற்றால் போகிறது. இதை ஒரு தாத்தா சொன்னபோது அவர் ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிறார் என்று சிரித்து வைத்தேன், பாவம். 'டயபடிஸ் ரன்ஸ் இன் த ஃபேமிலி' என்றால் பரம்பரையாக வருகிறது. 'ஐ ஃபீல் ரன் டவுன்' என்றால் உடம்பு அசந்துபோய்க் கிடக்கிறது. நம் ஊரில் 'ரன்னிங் நோஸ்' என்போம் இல்லையா, இங்கே அப்படிச் சொன்னால் புரியும், ஆனால் லேசாக ஒரு புன்னகை வரும். அவர்கள் சொல்வது 'ரன்னி நோஸ்'. ஒழுகும் மூக்கு. ஓடும் மூக்கு இல்லை.

பிட்ச் ரிப்போர்ட்:
கிரிக்கெட் பெயரை எடுத்துவிட்டீர்கள், இனி என்னைத் தடுக்க முடியாது. ஓடினால் ரன். சரி. பந்து கோட்டைத் தொட்டால் நின்ற இடத்தில் நின்றே நாலு ரன். ஓடவே இல்லை, ஆனால் ரன்! வைடு போட்டாலும் ரன். அப்புறம் 'ரன் அவுட்' என்றால் ஓடி முடிப்பதற்குள் அவுட். ஆனால் 'வி ரேன் அவுட் ஆஃப் மில்க்' என்றால் பால் தீர்ந்துபோச்சு. சின்ன வயதில் பக்கத்து வீட்டு கான்வென்ட் பையன் இதைச் சொன்னபோது பாலை யார் ரன் அவுட் ஆக்கியது என்று கேட்டிருக்கிறேன். மன்கட் விவகாரம் தெரியுமா, பந்து போடும் முன்பே கோட்டை விட்டு வெளியேறிய எதிர்முனை பேட்ஸ்மேனை பௌலரே அவுட்டாக்குவது, 1947இல் சிட்னியில் வினு மன்கட் பில் பிரௌனை அப்படி அவுட்டாக்கியதிலிருந்து அது நியாயமா இல்லையா என்று சண்டை, 2022 அக்டோபரில் இருந்து கிரிக்கெட் விதிகளை வகுக்கிற எம்சிசி அதை நியாயமற்ற ஆட்டம் என்ற பகுதியிலிருந்து எடுத்து ரன் அவுட் விதியிலேயே சேர்த்துவிட்டார்கள். என்னைக் கேட்டால்

நெறியாளர்:
பிட்ச் ரிப்போர்ட், உங்களை இந்த இழையில் யாரும் கேட்கவில்லை. மன்கட் பஞ்சாயத்துக்குத் தனி இழை இருக்கிறது, 47 பக்கம் போயிருக்கிறது, அங்கே போங்கள்.

யாழ் சைக்கிள்காரன்:
வாத்தியார் 'ஓடு' எண்டும் 'ஓட்டு' எண்டும் ரெண்டாகப் பிரித்ததைப் பார்த்ததும் எழுத வந்தேன். எங்கட பக்கம் அந்தப் பிரிவு இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவரும் சைக்கிள் 'ஓட்டுறது' இல்லை, சைக்கிள் 'ஓடுறது'தான். "உமக்குக் கார் ஓடத் தெரியுமோ?" எண்டுதான் கேட்போம். நான் ரொறன்ரோவில் பஸ் ஓடுறன். இதைச் சொன்னால் இங்கே இருக்கிற தமிழ்நாட்டு நண்பர் ஒவ்வொரு முறையும் சிரிப்பார். "பஸ் ஓடட்டும் அண்ணா, நீங்க ஏன் கூட ஓடுறீங்க?"

இன்னொரு விஷயம். எங்கட வேலையில் 'ரன்' எண்டால் ஒரு சாரதிக்கு ஒரு நாளைக்குக் குடுக்கிற வேலைத்துண்டு. காலை எங்கே பஸ்ஸை எடுக்கிறது, எங்கே இடைவேளை, எங்கே விடுறது, எல்லாம் சேர்த்து ஒரு ரன். அதுக்கு நம்பர் இருக்கும். "வட்ஸ் யுவர் ரன்?" எண்டு மற்ற சாரதி கேட்டால் அந்த நம்பரைச் சொல்லவேணும். முழு நேர அட்டவணையையும் துண்டு துண்டாக வெட்டி ஆட்களுக்குப் பிரித்துக் குடுக்கிறதை 'ரன் கட்டிங்' எண்டுவினம். முதல் நாள் ஒருவர் கேட்க, நான் "யெஸ், ஐ ரன் எவ்ரி மோர்னிங்" எண்டு சொன்னேன். உடற்பயிற்சி பற்றிக் கேட்கிறார் எண்டு நினைச்சன்.

வயிற்றால் போகிறது எண்டு அந்த அக்கா எழுதினா. நாங்கள் அதை வயிற்றோட்டம் எண்டுதான் சொல்றது. அங்கேயும் ஓட்டம்தான் இருக்கு!

சாக்பீஸ் வாத்தியார்:
சைக்கிள்காரரே, நீங்கள் என்ன சொல்லிவிட்டீர்கள் என்று உங்களுக்கே தெரிகிறதா! இங்கிலீஷில் பல நூறு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை உங்கள் ஊர்த் தமிழ் கண்முன்னால் காட்டுகிறது.

பழைய இங்கிலீஷில் இரண்டு வினைகள் இருந்தன. ஒன்று 'ரின்னன்'. தானாக ஓடுவது, தண்ணீர் போல வழிந்து ஓடுவது. 'இர்னன்' என்று எழுத்து இடம்மாறியும் அது வழங்கியது. இன்னொன்று 'ஏர்னன்'. குதிரையில் விரைந்து போவது, அதாவது ஓட்டிச் செல்கிற பக்கம். நம் ஓடு, ஓட்டு மாதிரி அக்காள் தங்கை. காலப்போக்கில் ஒலி தேய்ந்து தேய்ந்து இரண்டும் ஒன்றாகக் கலந்து ரன் என்ற ஒற்றைச் சொல் ஆகிவிட்டது. ஜெர்மனில் பாருங்கள், இன்னும் இரண்டாகவே வைத்திருக்கிறார்கள். 'ரின்னென்' என்றால் தண்ணீர் வழிவது, 'ரென்னென்' என்றால் ஆள் ஓடுவது.

ஆகவே இங்கிலீஷ்காரன் 'த பஸ் ரன்ஸ்' என்றும் 'ஐ ரன் எ பஸ் கம்பெனி' என்றும் ஒரே சொல்லில் சொல்கிறான். அடிப்படையில் ஓடு, ஓட்டு, ஒழுகு ஆகிய மூன்றும் ஒரே பாத்திரத்தில் கிடக்கின்றன. இரவுப்பணி அம்மா சொன்ன மூக்கும் டிரிப்ஸும் 'ஒழுகு' பக்கம். பஸ்ஸும் கடிகாரமும் 'ஓடு' பக்கம். கம்பெனி, ஸ்கிரிப்ட், டெஸ்ட் எல்லாம் 'ஓட்டு' பக்கம். ஒரு வாக்கியத்தில் ரன் வந்தால் முதலில் நான் பார்ப்பது, பின்னால் எதை என்று கேட்டால் பதில் வருகிறதா என்பதுதான். பதில் வந்தால் பெரும்பாலும் ஓட்டு. எப்போதும் இல்லை, பெரும்பாலும். 'ரன் எ ரிஸ்க்' என்றால் ஆபத்தை ஓட்டுவதில்லை, ஆபத்துக்குத் தலையைக் கொடுப்பது.

தூத்துக்குடி உப்பு:
'ரன் எ கம்பெனி' என்பதற்கு தமிழில் 'நடத்து' என்றுதான் சொல்ல முடியும், 'ஓட்டு' என்று சொல்ல முடியாது என்று சிலர் நினைப்பார்கள். எங்கள் ஊர்க்காரரை ஞாபகப்படுத்துகிறேன். கப்பலோட்டிய தமிழன். வ.உ.சி. என்ன சுக்கானையா பிடித்தார்? அவர் வக்கீல். 1906இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து, பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்குப் போட்டியாக தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சர்வீஸ் விட்டார். இங்கிலீஷில் சொன்னால் 'ஹி ரேன் எ ஷிப்பிங் லைன்'. அந்த ரேனுக்கு நம் ஆட்கள் போட்ட தமிழ் 'ஓட்டிய'. பொருத்தமாகப் போட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் நான் அவர் கேப்டன் தொப்பி போட்டுக்கொண்டு நின்றிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

அதே மாதிரி குடும்பத்தை ஓட்டுகிறோம், பொழுதை ஓட்டுகிறோம், இந்த மாதச் சம்பளத்தை வைத்து இருபதாம் தேதி வரை ஓட்டுகிறோம். கிண்டல் பண்ணுவதையும் 'என்னை ஓட்டாதே' என்கிறோம், இதற்கு இங்கிலீஷில் ரன் கிடையாது. அவனுக்கும் இல்லாத ஓட்டம் நம்மிடம் உண்டு.

மேஸ்திரி மகன்:
எங்கள் தொழிலில் 'ரன்னிங் ஃபீட்' இல்லாமல் ஒரு நாள் போகாது. காம்பவுண்டுச் சுவர், கைப்பிடிக் கம்பி, பைப் லைன், எல்லாம் ரன்னிங் ஃபீட்டுக்கு இவ்வளவு என்றுதான் கொட்டேஷன். அகலம் உயரம் பார்க்காமல் நீளவாக்கில் மட்டும் அளப்பது. போன மாசம் ஒரு வீட்டுக்காரர், சாப்ட்வேரில் இருக்கிறவர், கேட்கிறார்: "ஏங்க, ஸ்கொயர் ஃபீட் தெரியும், அதென்ன ஓடுற அடி?" சிரிக்காமல் விளக்கம் சொன்னேன். கிச்சன் மேடை எல் வடிவத்தில் இருந்தால் மூலையை இரண்டு தடவை அளக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேதான் காசு போகும். இது இழைக்குச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

பழைய டூ வீலர் விற்கிறவன் 'ரன்னிங் கண்டிஷன்' என்று போடுவான். அப்படிப் போட்டிருந்தாலே வேறு எதுவும் சரியில்லை என்று அர்த்தம்.

இரவுப்பணி:
பஸ்ஸில் 'ரன்னிங்ல இறங்காதே' என்று கண்டக்டர் திட்டுவாரே, அதை விட்டுவிட்டீர்களே! இங்கே ஒரு தோழிக்கு, நான் ஸ்கூல் படிக்கும்போது ரன்னிங்கில் ஏறுவேன் என்று சொல்லப்போய், அவள் என்னைத் தடகள வீராங்கனை என்று நினைத்துவிட்டாள். 'ரன்னிங் ரேஸ்' என்பதும் நம்ம ஊர்ச் சரக்குதான். ஸ்போர்ட்ஸ் டே லெட்டரில் அவர்கள் வெறும் 'ரேஸ்' என்றோ 'ஸ்பிரின்ட்' என்றோதான் போடுகிறார்கள். பிள்ளையைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வருவதற்கு மட்டும் 'ஸ்கூல் ரன்' என்று பெயர். காரில் உட்கார்ந்து டிராஃபிக்கில் நகராமல் நிற்பதற்குப் பெயர் ரன்!

துணி துவைப்பதிலும் ஒன்று உண்டு. சிவப்புச் சட்டையைப் பாட்டியின் வெள்ளைச் சேலையோடு ஊறவைத்தால் சேலை ரோஸ் ஆகிவிடுமே, அதற்கு 'த கலர் ரேன்'. வெயிலில் காய்ந்து காய்ந்து வெளுத்துப்போனால் அது 'ஃபேடட்'. நாம் இரண்டுக்கும் 'சாயம் போச்சு' என்று ஒரே சொல்லைப் போட்டுவிடுவோம். லாண்டரிக்காரரிடம் சண்டை போடும்போது இந்த வித்தியாசம் முக்கியம், அனுபவம் பேசுகிறது.

கணக்கப்பிள்ளை:
வங்கியில் ரன் என்றால் யாருக்கும் சிரிப்பு வராது. 'ரன் ஆன் எ பேங்க்', சுருக்கமாக 'பேங்க் ரன்'. வங்கி கவிழப்போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியதும் போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முண்டியடிப்பது. 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வாசலில் வரிசை நின்ற படங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே யாரும் ஓடவில்லை, மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், ஆனாலும் அது ரன். 2023 மார்ச் 9ஆம் தேதி அமெரிக்காவில் சிலிக்கன் வேலி பேங்க்கில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்கப் பார்த்தார்கள். அதற்கு வரிசையும் இல்லை, வாசலும் இல்லை. எல்லாம் போனில் விரல் நுனியில் நடந்தது. மறுநாள் வங்கியை மூடினார்கள்.

இதற்குத் தமிழில் 'வங்கி ஓட்டம்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை, வங்கியே எங்கேயோ ஓடுகிற மாதிரி இருக்கிறது. 'பணம் எடுக்க முண்டியடித்தார்கள்' என்று எழுதினால் யாருக்கும் புரியும்.

'ரன் அப் எ பில்' என்பதும் எங்கள் பக்கம் அடிக்கடி வரும். டீக்கடை அக்கவுண்ட்டில் எழுதச் சொல்லிச் சொல்லி மாசக் கடைசியில் மலை மாதிரி நிற்குமே, அது.

யாழ் சைக்கிள்காரன்:
தேர்தல் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லையோ? அமெரிக்காவிலும் கனடாவிலும் 'ரன்னிங் ஃபோர் மேயர்' எண்டுவினம். பிரிட்டனில் 'ஸ்டாண்டிங் ஃபோர் எலெக்சன்'. அங்கே நிற்கினம், இங்கே ஓடுகினம். தமிழ்நாட்டில் நீங்கள் 'தேர்தலில் நிற்கிறார்' எண்டுறீங்கள். நாங்கள் ஊரில் 'எலெக்சன் கேட்கிறார்' எண்டு சொல்றது. நிற்கவும் இல்லை ஓடவும் இல்லை, கேட்கிறார். மூன்றிலும் எங்கட சொல்தான் நேர்மையானது எண்டு நினைக்கிறன், உண்மையில வாக்குக் கேட்கிறதுதானே வேலை.

இந்த 'ரன் இன்டு' பற்றியும் சொல்லவேணும். என்ர மனிசியின் தம்பி அப்போதுதான் கனடா வந்தவர். நான் வேலையால் வந்து வெள்ளைக்கார அயலவரோடு வாசலில் கதைச்சுக்கொண்டு நிற்கிறன். அயலவர் அவனைக் காட்டி, "ஐ ரேன் இன்டு ஹிம் அட் த பிளாசா" எண்டார். தம்பி முகம் செத்துப்போச்சு. உள்ளே வந்து அக்காவிடம் சொல்றான், அந்தாள் காரால என்னை இடிச்சதெண்டு பொய் சொல்றார், இன்சூரன்ஸ் காசுக்குப் போலக் கிடக்குது எண்டு. தற்செயலாகச் சந்திச்சதைத்தான் அவர் சொன்னவர்! ஆனால் 'ஹி ரேன் இன்டு எ போஸ்ட்' எண்டால் கம்பத்தில் மோதினதுதான். ஆளா கம்பமா எண்டு பார்த்துத்தான் அர்த்தம் எடுக்கவேணும்.

பிட்ச் ரிப்போர்ட்:
மறுபடி வந்துவிட்டேன், இந்தத் தடவை ஒழுங்காக. ரன் என்ற வினைக்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் 645 அர்த்தம் என்று எங்கேயோ படித்தேன். உண்மையா, வாட்ஸ்அப் கதையா?

சாக்பீஸ் வாத்தியார்:
வாட்ஸ்அப் கதை இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக ரன் என்ற வினையைத் திருத்தி எழுதியவர் பீட்டர் கில்லிவர். அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாசம் மல்லுக்கட்டியிருக்கிறார். 645 அவர் கணக்கு. அதற்கு முன்னால் 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் பெரிய தலைக்கட்டு 'செட்'. அதற்கு 430 அர்த்தம் என்று சொல்வார்கள்.

ஆனால் இதைப் பெரிய பந்தயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாம் பதிப்பு வேலையை 2000இல் எம் எழுத்திலிருந்து தொடங்கி வரிசையாகப் போனார்கள். ஆர் வந்தபோது ரன் புதுக் கணக்கில் எண்ணப்பட்டது. எஸ்ஸில் இருக்கிற செட் அப்போது பழைய கணக்கிலேயே நின்றது. பழைய மார்க்ஷீட்டையும் புது மார்க்ஷீட்டையும் பக்கத்தில் வைத்து யார் ஃபர்ஸ்ட் என்பது மாதிரிதான்.

அது எப்படி இவ்வளவு ஊதியது என்று கேட்டால், மெஷின்தான் காரணம் என்று தோன்றுகிறது. நீராவி எஞ்சின், ரயில், கடிகாரம், தறி, மோட்டார், பிறகு கம்ப்யூட்டர். ஒவ்வொன்றும் வந்தபோது 'அது வேலை செய்கிறது' என்று சொல்ல ரன்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். நாமும் அதைத்தான் செய்தோம். தறி ஓடுது, மோட்டார் ஓடுது, ஃபேன் ஓடுது, சீரியல் ஓடுது. படம் நூறு நாள் ஓடியது என்கிறோம். லண்டனில் 'த மௌஸ்டிராப்' என்ற நாடகத்தை 1952இல் தொடங்கினார்கள், கொரோனாவில் ஒரு வருஷத்துக்கு மேல் நின்றதைத் தவிர ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அதற்கும் ரன்தான். எனவே 645ஐப் பார்த்து மிரளாதீர்கள். அதில் பலவற்றை நீங்கள் தமிழில் தினமும் சொல்கிறீர்கள், தெரியாமல்.

சிறுசேரி சின்னவன்:
இழை இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. பஸ்ஸில் உட்கார்ந்து என் மெயில்பெட்டியில் ரன் என்று தேடினேன், போன மாதம் வந்தது மட்டும். 'வி ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் டிஸ்க் ஸ்பேஸ்', இடம் தீரப்போகிறது. 'ஐ ஆம் ரன்னிங் லேட்', வரத் தாமதமாகும். 'வி ரேன் இன்டு அன் இஷ்யூ', இது மோதல் இல்லை, சிக்கல் வந்துவிட்டது. 'லெட்ஸ் டூ எ ட்ரை ரன்', ஒத்திகை. 'கேன் யூ ரன் மீ த்ரூ த ஸ்டெப்ஸ்', ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டு. 'தி அக்ரிமென்ட் ரன்ஸ் டில் மார்ச்', மார்ச் வரை செல்லும். எல்லாம் சரியா?

இன்னும் இரண்டு சந்தேகம். 'த வெல் ரேன் ட்ரை' என்று ஒரு செய்தியில் பார்த்தேன். கிணறு எப்படி ஓடும்? அப்புறம், 'ஐ ஹேவ் ரேன் த டெஸ்ட்' என்று எழுதினேன், டீம் லீட் திருத்தினார். ஏன்?

சாக்பீஸ் வாத்தியார்:
எல்லாம் சரி. 'ரன் மீ த்ரூ' என்பதில் மட்டும் கவனம். 'மீ' இல்லாமல் 'ரன் த்ரூ த ஸ்டெப்ஸ்' என்றால் நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பதாகவும் இருக்கலாம். அப்புறம் பழைய கதைகளில் 'ஹி ரேன் ஹிம் த்ரூ' என்று வந்தால் வாளை வயிற்றில் செருகிவிட்டான் என்று பொருள், மீட்டிங்கில் அதைக் கேட்காதீர்கள்.

கிணறு விஷயம் நல்ல கேள்வி. 'ரன் ட்ரை', 'ரன் ஷார்ட்', 'ரன் வைல்ட்', 'ரன் ஹை' இவற்றில் ரன்னுக்கு ஓட்டமே இல்லை. 'ஆகிவிட்டது', 'போய்விட்டது' என்கிற வேலையைத்தான் செய்கிறது. கிணறு வற்றிப்போச்சு என்கிறோமே, அந்த 'போச்சு' எங்கேயாவது போனதா? அதே கதைதான். ரயில்வே ஸ்டேஷனில் 'இஸ் ரன்னிங் லேட்' என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு 'தாமதமாக வந்து கொண்டிருக்கிறது' என்று தமிழில் சொல்வார்களே, வண்டி ஏதோ ஊர் எல்லையில் ஒரு மணி நேரமாக நின்றுகொண்டிருக்கும். ஓடவும் இல்லை, வரவும் இல்லை.

'ஹேவ் ரேன்' தப்பு, 'ஹேவ் ரன்' சரி. ரன், ரேன், ரன். கம், கேம், கம் மாதிரி. நடுவில் மட்டும்தான் மாறும், மூன்றாவது படி முதல் படிக்கே திரும்பிவிடும். இங்கிலீஷ்காரர்களே பேச்சில் 'ஹேவ் ரேன்' என்பார்கள், ஆனால் எழுதினால் சிவப்பு மை விழும். என் மாணவர்கள் தமிழ் எழுத்தில் உச்சரிப்பைக் குறித்துக்கொண்டு மூன்றையும் 'ரன், ரன், ரன்' என்று மனப்பாடம் செய்துவிடுவார்கள். சொன்னால் "ஸ்கோர் 3 சார்" என்பார்கள்.

மேஸ்திரி மகன்:
எங்கள் வீட்டில் கையால் தைக்கிற வழக்கம் உண்டு. அம்மா 'ஓட்டுத்தையல் போட்டுக் கொடு' என்று சொல்லும். ஸ்கூலில் தங்கச்சிக்கு அதையே 'ரன்னிங் ஸ்டிச்' என்று சொல்லிக்கொடுத்தார்கள். இப்போதுதான் இரண்டும் ஒன்று என்று உறைக்கிறது.

தூத்துக்குடி உப்பு:
'ரன் அவே', 'ரன் ஆஃப் வித்' இரண்டையும் யாரும் எடுக்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஓடிப்போவது தமிழனுக்கு டிக்‌ஷனரி பார்க்காமலே புரியும்.

சிறுசேரி சின்னவன்:
கடைசியாக ஒரு அப்டேட். ஸ்கிரிப்ட்டைத் திருத்தி, ஆடிட் லாக் இருக்கும் ஃபோல்டரை விட்டுவிட்டு மற்றதை மட்டும் அழிக்கிற மாதிரி மாற்றினேன். இந்தத் தடவை ஒழுங்காக கிளையன்ட்டுக்கு அனுப்பி, அவர்கள் ஓகே சொன்னதையும் சேர்த்து மேனேஜருக்கு மெயில் போட்டேன். 'ஐ ஹேவ் ரன் இட் பை தெம்' என்று, ரேன் போடாமல். இப்போது பதில் வந்திருக்கிறது. மறுபடியும் ஒற்றை வரி: 'கிரேட், லெட்ஸ் ரன் வித் இட்.'

ஐயா, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இது என்ன?

சாக்பீஸ் வாத்தியார்:
'இதையே வைத்துக்கொண்டு மேலே போவோம்' என்று பொருள். ஆனால் என்றைக்கு, எந்த சர்வரில் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. அதுவரை என்டரில் கை வைக்காதீர்கள்.